எமுலேட்டர், ரோம், பூட்டு உடைப்பது: சிங்கப்பூரில் எது செல்லும், எது செல்லாது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஈசூன் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் கேம் பெட்டி (கன்சோல்) இருக்கிறது. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது 1999 போனஸ் பணத்தில் வாங்கித் தந்தது. கடைக்காரர் அதற்குள் ஒரு சின்ன சிப்பை ஒட்டித்தான் கொடுத்தார் என்பதும், எங்களிடம் இருந்த வட்டுகளில் பாதி திருட்டு வட்டு என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. வேலைக்குப் போன பிறகு அதே கேம்களின் அசல் வட்டுகளைத் தேடித் தேடி வாங்கினேன். இப்போது பெட்டியின் லென்ஸ் போய்விட்டது, வட்டுகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. அவற்றைக் கணினியில் விளையாடினால் சட்டப்படி சரியா என்று தேடத் தொடங்கி, நிறையப் படித்தேன். அக்கா மகனும் அவன் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்களுக்கு நிஜமாகவே ஒரு கடிதம் வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

எமுலேட்டர், ரோம், பயாஸ்: எல்லாம் ஒன்றா?

இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எமுலேட்டர் என்பது ஒரு பழைய இயந்திரம் செய்த வேலையை உங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ செய்து காட்டும் மென்பொருள், அதை யாரோ புதிதாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ரோம் என்பது கேமின் நகல். கார்ட்ரிட்ஜிலோ வட்டிலோ இருந்ததை அப்படியே கோப்பாக எடுத்தது. பயாஸ் என்பது கன்சோலைத் திறந்தவுடன் முதலில் ஓடும், கம்பெனி எழுதிய மென்பொருள். முதலாவதை எழுதியவர் வேறு, அடுத்த இரண்டுக்கும் சொந்தக்காரர் வேறு. சட்டமும் அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

சரி, எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமா?

இல்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன். ஓர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைச் சொந்தமாக எழுதுவதைப் பதிப்புரிமை தடுப்பதில்லை. பதிப்புரிமை காப்பது எழுதப்பட்ட வடிவத்தை. எப்படி வேலை செய்கிறது என்ற கருத்தை அது காப்பதில்லை.

இதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1991ல் சேகா கம்பெனி அக்கலேட் என்ற கேம் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. தன் கேம்கள் சேகா கன்சோலில் ஓட வேண்டும் என்பதற்காக அக்கலேட் சேகாவின் நிரலைப் பிரித்துப் படித்திருந்தது. வேறு வழியில்லாதபோது அப்படிப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடுதான் (உரிமையாளரின் அனுமதி இல்லாமலேயே சட்டம் ஏற்கும் பயன்பாடு) என்று 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 2000ல் சோனியும் கனெக்டிக்ஸும் மோதிய வழக்கு. மேக் கணினியில் பிளேஸ்டேஷன் கேம் ஓட வைக்கும் ஒரு மென்பொருளைக் கனெக்டிக்ஸ் விற்றது. அதை உருவாக்கும்போது சோனியின் பயாஸைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து ஆராய்ந்தார்கள், ஆனால் விற்ற பொருளுக்குள் சோனியின் நிரல் ஒரு வரிகூட இல்லை. அங்கேயும் சோனி தோற்றது. அதே வருடம் பிளீம் என்ற இன்னொரு எமுலேட்டர் கம்பெனிக்கும் ஒரு முக்கியமான தீர்ப்பு சாதகமாக வந்தது. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 2001ல் அது கடையை மூடியது. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும் வழக்கைத் தாங்குவதற்குப் பணம் இருப்பதும் வேறு வேறு என்பதை அந்தச் சிறிய கம்பெனியின் கதை சொல்கிறது. இதை மறந்துவிட்டுப் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று. 2018ல் சோனியே விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டிக்குள் ஓடியது, ஆர்வலர்கள் எழுதிய ஒரு திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்) எமுலேட்டர். பழைய டாஸ் கேம்களை இன்றைக்கு விற்கும் கடைகளும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரைச் சேர்த்துத்தான் கொடுக்கின்றன. 2024 ஏப்ரலில் ஆப்பிள்கூடத் தன் ஆப் ஸ்டோரில் பழைய கன்சோல் எமுலேட்டர்களை அனுமதித்துவிட்டது.

அதெல்லாம் அமெரிக்கத் தீர்ப்பு. நமக்கு என்ன?

நல்ல கேள்வி. அந்தத் தீர்ப்புகள் சிங்கப்பூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இங்கே நடப்பது 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2021 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் அமெரிக்காவை நாம் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் டிஜிட்டல் பூட்டுகள் பற்றிய விதிகள் இங்கே வந்ததே அமெரிக்காவோடு 2003ல் கையெழுத்தான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தால்தான். அதன்படி 2004ல் சட்டம் திருத்தப்பட்டு 2005ல் அமலானது. நியாயமான பயன்பாட்டை எந்த நோக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி விரிவாக்கியதும் அதே நேரத்தில்தான். ஒரு பக்கம் கதவைத் திறந்துவிட்டார்கள், மறுபக்கம் ஒரு பூட்டைப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டர் எழுதுபவர்களுக்கு நம் சட்டத்திலேயே இடமும் இருக்கிறது. சொந்தமாக எழுதும் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்பதற்காக நிரலைப் பிரித்துப் பார்ப்பது, ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துச் சோதித்துப் பார்ப்பது, இரண்டுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

ரோமை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமா? என்னிடம் அசல் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதே?

கூடாது. ரோம் கேள்விகளில் இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பதிலும் யாருக்கும் பிடிப்பதில்லை. உங்களிடம் அசல் இருக்கிறது என்பது, வேறு யாரோ எடுத்து இணையத்தில் போட்ட நகலை நீங்கள் எடுத்துக்கொள்ள உரிமை தருவதில்லை. அந்த நகல் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது, உங்கள் கணினியில் இறங்கும்போது இன்னொரு நகல் உண்டாகிறது. உங்கள் அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் அசல் வாங்கியவன் என்று சொல்வது மனசாட்சிக்கு நல்ல பதில். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை.

24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால்?

அப்படி ஒரு விதி சிங்கப்பூரிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. பழைய ரோம் தளங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதி வைத்த வாசகம் அது.

என் சொந்த வட்டிலிருந்து நானே நகலெடுத்தால்?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதுதான் நம்மில் பலர் உண்மையில் செய்வது, செய்ய விரும்புவது.

கணினி மென்பொருளுக்குக் காப்பு நகல் எடுக்க நம் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எதற்கு? அசல் தொலைந்தாலோ, அழிந்தாலோ, பயன்படாமல் போனாலோ அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள. அசல் நன்றாக இருக்கும்போது, வசதிக்காக அதைக் கைப்பேசியில் போட்டு எம்ஆர்டியில் விளையாடுவது அந்த வரிக்குள் அழகாக உட்காருகிறது என்று என்னால் சொல்ல முடியாது. மேலும் ஒரு கேம் என்பது வெறும் மென்பொருள் இல்லை. அதில் இசை இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, குரல் இருக்கிறது, ஒவ்வொன்றும் தனிப் படைப்பு. காப்பு நகல் விதி மென்பொருளைப் பற்றித்தான் பேசுகிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது நியாயமான பயன்பாடு. நீதிமன்றம் 4 விஷயங்களைப் பார்க்கும்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள் (வணிகத்துக்கா இல்லையா), எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அந்தப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு. உங்கள் வட்டு, உங்கள் கணினி, யாருக்கும் கொடுக்கவில்லை, காசு பார்க்கவில்லை என்றால் முதலாவதும் நான்காவதும் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். மூன்றாவது உங்களுக்கு எதிர், ஏனென்றால் முழுசையும் எடுக்கிறீர்கள். பழைய சட்டத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது: அந்தப் படைப்பு நியாயமான நேரத்தில், சாதாரண விலையில் கடையில் கிடைக்குமா என்று. 2021 சட்டம் அந்த அம்சத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எங்கேயும் விற்பனையில் இல்லாத கேம்களைக் காப்பவர்களுக்கு அது நேரடியாக உதவியிருக்கும் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. இருந்தாலும் அதே வாதத்தைச் சந்தைப் பாதிப்பு என்ற தலைப்பில் சொல்ல முடியும்.

நகலெடுத்த பிறகு அசலை கரோசலில் விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வது? கண்டிப்பாகக் கூடாது. விற்றால் நகலையும் அழித்துவிடுங்கள்.

பூட்டு, பூட்டு என்கிறீர்களே, கேமில் பூட்டு எங்கே இருக்கிறது?

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன்.

முதல் பிளேஸ்டேஷன் வட்டைக் கூர்ந்து ஆராய்ந்தால், தடத்தின் தொடக்கத்தில் ஒரு மெல்லிய அலைவு இருக்கும். அந்த அலைவுக்குள் எந்த வட்டாரத்துக்கான வட்டு என்று சொல்லும் 4 எழுத்துகள் மறைந்திருக்கும். கன்சோல் அதைப் படித்து, இது அசல் என்று தெரிந்தால்தான் கேமைத் தொடங்கும். வீட்டில் இருக்கும் சிடி எழுதும் கருவியால் அந்த அலைவை உருவாக்க முடியாது, அதனால் அதில் எழுதிய நகல் வட்டு ஓடாது. ஆனால் கவனியுங்கள்: வட்டில் இருக்கும் கேம் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது) செய்யப்படவில்லை. கணினியின் சாதாரண வட்டு இயக்கியில் போட்டால் அது பாட்டுக்குப் படித்துவிடும். அங்கே உடைப்பதற்குப் பூட்டே இல்லை, வாசலில் அடையாள அட்டை கேட்கும் காவலர் மட்டும் கன்சோலுக்குள் இருக்கிறார் என்பதுதான் என் புரிதல். (ஐரோப்பாவில் விற்ற சில வட்டுகளில் லிப்கிரிப்ட் என்று கூடுதலாக ஒரு பாதுகாப்பு இருந்தது, அது வேறு கதை.)

நிண்டெண்டோவின் வீ, ஸ்விட்ச் கன்சோல்களின் காலத்துக்கு வந்தால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. கேமே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும், சாவி கன்சோலுக்குள் இருக்கும். சொந்தக் கார்ட்ரிட்ஜாகவே இருந்தாலும், அதிலிருந்து எடுத்ததை எமுலேட்டரில் ஓட்ட அந்தச் சாவியை எடுத்தாக வேண்டும். சட்டம் அணுகலைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை என்று சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

இங்கே முக்கியமான ஒன்று: நியாயமான பயன்பாடு என்ற வாதம், நகலெடுத்தாய் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். பூட்டை உடைத்தாய் என்பது தனிக் குற்றச்சாட்டு. முதலாவதில் நீங்கள் தப்பினாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். பூட்டை உடைப்பதற்கென்று தனியாகச் சில விலக்குகள் உண்டு: மென்பொருள்கள் சேர்ந்து இயங்கச் செய்வது, மறையாக்க ஆய்வு, பாதுகாப்புச் சோதனை, அமைச்சர் ஒழுங்குவிதிகளில் அறிவிப்பவை. நான் வாங்கிய கேமை வேறு கருவியில் விளையாட வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூட்டை உடைத்தால் சிறையா?

வீட்டில், தனக்காக, காசு பார்க்காமல் செய்தால் அது குற்றவியல் விவகாரம் ஆகாது. வேண்டுமென்றே, வணிக ஆதாயத்துக்காகவோ சொந்தப் பண லாபத்துக்காகவோ உடைத்தால்தான் குற்றம். ஆனால் குற்றம் இல்லை என்றால் அனுமதி என்று அர்த்தம் இல்லை. உரிமையாளர் உங்கள் மேல் உரிமையியல் வழக்குப் போட முடியும். அந்த உரிமை அவருக்கு இருக்கிறது.

பதிப்புரிமை மீறலுக்கும் இதே மாதிரி இரண்டு அடுக்கு. உரிமையாளர் தன் நஷ்டத்தைக் கணக்குக் காட்டாமலேயே சட்டப்பூர்வ இழப்பீடு கேட்கலாம்: ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை, மொத்தத்தில் 200,000 வெள்ளி வரை. காசுக்காகவோ பெரிய அளவிலோ தெரிந்தே செய்தால் குற்றவியல் வழக்கும் வரும். ஆயிரக்கணக்கான ரோம்களை டெலிகிராம் குழுவில் பகிரும் தம்பிகள் பெரிய அளவு என்ற சொல்லைத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குப் பணம் வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

மோட்சிப் சட்டப்படி சரி என்று ஆஸ்திரேலியாவில் தீர்ப்பு வந்ததாமே?

வந்தது, 2005 அக்டோபரில். ஸ்டீவன்ஸ் எதிர் சோனி. நான் மேலே சொன்ன அதே அலைவு, அதே 4 எழுத்துகள்தான் விவகாரம். மோட்சிப் என்பது கன்சோலுக்குள் ஒட்டும் சின்ன சிப், அது அந்தச் சோதனையை ஏமாற்றுகிறது. ஆனால் அந்தச் சோதனை நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, ஏற்கெனவே எடுத்த நகலை விளையாடுவதைத்தான் தடுக்கிறது, ஆகவே அப்போதைய சட்ட வரையறைக்குள் அது பாதுகாப்பு நடவடிக்கையே ஆகாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. ரொம்பக் கூர்மையான தீர்ப்பு. எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பை நினைத்துக்கொண்டேதான் அதைப் படித்தேன். ஆனால் அதை நம்பி இங்கே எதையும் செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவே 2006ல் சட்டத்தை மாற்றிவிட்டது. நம் சட்டத்தில் நகல் தடுப்பைத் தவிர அணுகல் கட்டுப்பாடும் தனியாகக் காக்கப்படுகிறது, அதனால் அந்த ஓட்டை இங்கே திறந்திருக்கிறது என்று நினைக்க முடியாது.

மோட்சிப் விற்பது, பொருத்திக் கொடுப்பது, பூட்டை உடைக்கவென்றே செய்த கருவியை இறக்குமதி செய்வது, இவையெல்லாம் தடுக்கப்பட்டவை. எரிந்த மின்சுற்றை மாற்றுவது, புதிய திரை போடுவது, விசிறி மாற்றுவது போன்ற சாதாரணப் பழுதுபார்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

அப்படியென்றால் யூசு எமுலேட்டரை ஏன் மூடினார்கள்?

எமுலேட்டர் சட்டவிரோதம் என்பதற்கு எல்லாரும் காட்டும் சான்று இது, ஆனால் அது அப்படிச் சொல்லவில்லை. யூசு என்பது ஸ்விட்ச் எமுலேட்டர். 2024 பிப்ரவரி 26ஆம் தேதி நிண்டெண்டோ அதை உருவாக்கிய கம்பெனி மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஒரே வாரம், மார்ச் 4ஆம் தேதி சமரசம்: 2.4 மில்லியன் அமெரிக்க டாலர், யூசு மூடல், அதே குழுவின் 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் மூடல். 2023 மே மாதம் வந்த புதிய செல்டா கேம், கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு மில்லியன் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டது என்றும், யூசுவின் மாத நன்கொடை அந்தச் சமயத்தில்தான் ஏறியது என்றும் புகாரில் சொல்லியிருந்தார்கள்.

வாதத்தின் மையம் எமுலேட்டர் என்பது இல்லை. சாவி இல்லாமல் யூசுவில் கேம் ஓடாது. யூசு சாவியைக் கொடுக்கவில்லை, ஆனால் எங்கிருந்து எப்படி எடுப்பது என்று வழிகாட்டியது, ஆகவே இது பூட்டை உடைக்கும் கருவி என்பதுதான் நிண்டெண்டோவின் நிலை. நீதிபதி இரண்டு பக்க வாதத்தையும் கேட்டுத் தீர்ப்பு எழுதவே இல்லை. சமரசம் முன்னுதாரணம் ஆகாது. அந்த ஆண்டு அக்டோபரில் ரியூஜின்க்ஸ் என்ற இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டரும் வழக்கு இல்லாமலேயே ஓர் உடன்பாட்டோடு நின்றுபோனது.

2023ல் டால்ஃபின் எமுலேட்டர் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வரவிருந்து வராமல் போனதற்கும் காரணம் சாவிதான். அதன் நிரலுக்குள் வீ கன்சோலின் பொதுச் சாவி இருக்கிறது என்று நிண்டெண்டோ சுட்டிக்காட்டியது. டால்ஃபின் இன்னும் தன் சொந்தத் தளத்தில் கிடைக்கிறது. இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நான் எடுத்துக்கொண்டது: பழைய, மறையாக்கம் இல்லாத இயந்திரங்களின் எமுலேட்டர்கள் ஒரு நிலத்தில் நிற்கின்றன, இன்றைக்குக் கடையில் விற்கும் கன்சோல்களின் எமுலேட்டர்கள் வேறு நிலத்தில் நிற்கின்றன. அக்கா மகனிடம் ஸ்விட்ச் எமுலேட்டர் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். அந்தக் கேம்கள் இப்போதும் கடையில் இருக்கின்றன, செய்தவர்களுக்குக் காசு போக வேண்டும்.

10,000 கேமோடு வரும் கையடக்கப் பெட்டி வாங்கலாமா?

பெட்டி தவறில்லை. உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான் தவறு. 10,000 கேமுக்கும் அனுமதி வாங்கி யாரும் 80, 90 வெள்ளிக்குக் கொடுக்க முடியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பவருக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர் வணிகமாகச் செய்கிறார். 2021 சட்டம், திருட்டு ஒளிபரப்புகளைப் பார்க்க உதவும் டிவி பெட்டிகளை விற்பவர்கள் மேல் தனியாகவே விதி கொண்டுவந்தது. அரசாங்கம் விற்பவர்களைத்தான் குறிவைக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கார்டு இல்லாத பெட்டியாகக் கேளுங்கள், சில விற்பனையாளர்கள் தருகிறார்கள். பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு வாங்கிய பிறகு கரோசலில் கைமாற்றும் பெற்றோர் பலர். அப்படி விற்கும்போதாவது கார்டை எடுத்துவிடுங்கள்.

கம்பெனியே இல்லை, கடையும் மூடியாச்சு. அந்தக் கேமை எடுத்தால் யாருக்கு நஷ்டம்?

இந்தக் கேள்வி என்னை ரொம்பத் தொடும். 2023 மார்ச் 27ஆம் தேதி நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் விற்கப்பட்ட கேம்களை இனிப் புதிதாக வாங்க வழியே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், அங்கே வெளிவந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று வந்தது. நூறில் எண்பத்தேழு! ஒரு நூலகத்தில் இப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா?

ஆனால் கைவிடப்பட்ட கேம் என்று சட்டத்தில் எந்த வகையும் இல்லை. கம்பெனி மூடினாலும் உரிமை சாவதில்லை, சொத்தாக வேறு யார் கைக்காவது போயிருக்கும். காலமும் நீளம்: ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. 1980களின் கேம்கள் பொதுவுடைமை ஆவதைப் பார்க்க நாம் இருக்க மாட்டோம். கேட்க ஆளில்லை என்பதால் வழக்கு வராமல் இருக்கலாம், அது நடைமுறை. சட்டப்படி அது இன்னும் மீறல்தான்.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம், ஆய்வாளர்கள் பழைய கேம்களை நூலகத்துக்கு நேரில் வராமலே பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது. அது தவறான முடிவு என்பது என் கருத்து.

பயாஸ் கோப்பு மட்டும் இறக்கினால்?

ரோமுக்குச் சொன்ன அதே பதில். சில எமுலேட்டர்கள் இந்தச் சிக்கலையே தாண்டிவிட்டன: பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலின் எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபிக்கு பயாஸ் தேவையில்லை, பிளேஸ்டேஷன் 3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3க்கு வேண்டிய ஃபர்ம்வேரை சோனியே தன் தளத்தில் எல்லாருக்கும் வைத்திருக்கிறது.

தமிழில் மொழிபெயர்த்து ஒரு பேட்ச் போட ஆசை. முடியுமா?

கேட்டதே சந்தோஷம். மொழிபெயர்ப்பு உரிமையும் படைப்பின் சொந்தக்காரருக்குத்தான், அதனால் இதுவும் முழுக்கப் பாதுகாப்பான நிலம் இல்லை. ஆர்வலர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம், முழு கேமைப் பகிராமல், மாறிய பகுதிகளை மட்டும் ஒரு சிறு கோப்பாகத் தருவது. அசலை வைத்திருப்பவர் தன் நகலில் அதைப் போட்டுக்கொள்வார். காசு வாங்காதீர்கள், கேமின் கோப்புகளைச் சேர்க்காதீர்கள். முடிந்தால் திறமூலக் கேம் ஒன்றை எடுத்துத் தமிழாக்குங்கள், அங்கே யாரிடமும் தயங்க வேண்டியதில்லை, எழுதியவர்களே வரவேற்பார்கள்.

வீட்டுக்குக் கடிதம் வருமா?

வரவே வராது என்று சொல்லாதீர்கள். 2015ல் ஒரு ஹாலிவுட் படத்தை டோரண்டில் இறக்கியதாகச் சொல்லி, இங்குள்ள இணையச் சந்தாதாரர்கள் 500க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கேட்டுக் கடிதம் போனது. பல வீடுகளில் சந்தா அப்பா பெயரில் இருக்கும், இறக்கியது பிள்ளையாக இருக்கும். டோரண்டில் நீங்கள் இறக்கும்போதே மற்றவர்களுக்குப் பகிரவும் செய்கிறீர்கள், அதனால்தான் அது எளிதில் கண்ணில் படுகிறது. தளங்களையே முடக்கவும் 2014 முதல் வழி இருக்கிறது. 2018ல் உயர் நீதிமன்றம் 53 திருட்டுத் தளங்களை முடக்க உத்தரவிட்டது.

சட்டப்படி விளையாட என்னதான் இருக்கிறது?

நிறைய. நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவில் பழைய கேம்கள் வருகின்றன. காக் (GOG) என்ற இணையக் கடையில் வாங்கும் கேம்களில் பூட்டே இல்லை, வாங்கியதை வட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஸ்கம்விஎம் என்ற மென்பொருள் மூலம் விளையாடக்கூடிய சில சாகசக் கேம்களை உரிமையாளர்களே இலவசமாகத் தந்துவிட்டார்கள். பழைய கன்சோல்களுக்கென்று இன்றும் புதிதாகக் கேம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நேரே அவர்களிடமே ரோம் கோப்பாக வாங்கலாம். எமுலேட்டரை நிம்மதியாகப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சேவ் கோப்பை எடுப்பதும் தவறா?

உங்கள் மெமரி கார்டில் நீங்கள் விளையாடிச் சேர்த்ததை உங்கள் கணினிக்கு மாற்றுவதில் இங்கே எந்தத் தடையையும் நான் பார்த்ததில்லை. ஜப்பானில் மட்டும் 2018ல் நியாயமற்ற போட்டித் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, சேவ் கோப்பை மாற்றும் கருவிகளை விற்பதையும் அந்தச் சேவையையும் தடை செய்தார்கள்.

எங்கள் பழைய மெமரி கார்டை ஒரு அடாப்டர் வாங்கிக் கணினியில் இணைத்தபோது, கார் பந்தயக் கேமில் அப்பா பெயரில் ஒரு நேரப்பதிவு இருந்தது. இரவு வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் விளையாடுவார். அசல் வட்டிலிருந்து நான் எடுத்த நகலில், எமுலேட்டரில் அந்தப் பதிவு இப்போது அப்படியே இருக்கிறது. போன வாரம் அக்கா மகன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தாத்தாவை முந்தப் பார்த்தான். 2 விநாடி குறைவாக வேண்டியிருந்தது.